பல்ஜின்யாம் கால் ஒடிந்த கோடை

எங்கள் பள்ளத்தாக்கில் வளை தோண்டி வாழும் கொழுத்த அணில் மாதிரியான மர்மோட்டின் கறியைப் பல்ஜின்யாம் அளவுக்கு ரசித்துத் தின்றவன் கிடையாது. தோலுக்குள்ளேயே சுட்ட கற்களைப் போட்டு வேகவைத்து, கொழுப்பு முழங்கைவரை வழிய உறிஞ்சுவான். வேட்டைக்குத் தடை வந்த வருடம் பூராவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான்.

குதிரை மேய்ப்பவன், சும்மா உட்காரத் தெரியாதவன். அந்தக் கோடைத் தொடக்கத்தில், கூட்டத்தைவிட்டு ஓடிய குதிரையொன்றை விரட்டிக்கொண்டு சரிவில் பறந்தான். அவன் ஏறியிருந்த குதிரையின் முன்னங்கால் ஒரு மர்மோட் வளைக்குள் இறங்கிவிட்டது. குதிரை எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. இவனால் எழ முடியவில்லை. ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அவன் மனைவி நோர்ஜ்மா கூடார வாசலில் கம்பளத்தை விரித்தாள். “இங்கயே கெட. எந்திரிச்சு நடந்தே, இன்னொரு கால நானே ஒடிப்பேன்.”

எதிர்ச் சரிவு முழுக்க மர்மோட் வளைகள். முதலில் திட்டித் தீர்த்தான்.

“எழுந்து நின்னு பாக்குதுங்க பாருடி. என்னப் பாத்துச் சிரிக்குதுங்க.”

“சிரிக்கிற மாதிரிதானே நீயும் கெடக்கே.”

திட்டி அலுத்த பிறகு, பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. காலையில் வளையைவிட்டு வந்ததும் அவை மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிப்பதைப் பார்த்தான். குட்டிகள் நின்றுகொண்டே மல்லுக்கட்டுவதைப் பார்த்தான். வெயிலில் வயிற்றைப் பரப்பிப் படுத்தே கிடக்கும் ஒரு குண்டனுக்குத் தன் மச்சினன் தக்வாவின் பெயரை வைத்தான்.

“எந்தம்பிய ஏன்யா வம்புக்கு இழுக்கிற?” என்றாள் நோர்ஜ்மா.

“நல்லாப் பாரு. நடையும் அதேதான்.”

அவள் பார்த்தாள். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் சாணி வறட்டி பொறுக்கப் போயிருந்தாள். தாய்க்குதிரைகள் தூரம் போகாமல் பால் கறப்பதற்காகக் குதிரைக் குட்டிகளை நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்தது. திடீரென்று சரிவெங்கும் கீச்சுக் குரல். கழுகு வந்தால் மர்மோட்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் வளைக்குள் போய்விடும். இப்போது வளை வாயிலேயே நின்று, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கத்தின. பல்ஜின்யாமும் அந்தப் பக்கம் திரும்பினான். புல்லுக்குள் ஓநாய். குதிரைக் குட்டிகளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எழ முடியாது. இடுப்பால் தேய்த்துத் தேய்த்தே போனான். வாளியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு, வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டினான். சத்தம் கேட்டுத் தாய்க்குதிரைகள் ஓடிவந்தன. ஓநாய் ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டு மேட்டுக்கு அப்பால் போய்விட்டது.

நோர்ஜ்மா திரும்பியபோது அவன் ஒரு குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“மாவுக்கட்டுல பாதியக் காணோமே, எங்கய்யா?”

“ஓநாய் வந்துச்சு.”

“கட்டத் தின்னுட்டுப் போச்சா?”

சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் குட்டியின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் தக்வா வந்தான், தோளில் துப்பாக்கியோடு. “மச்சான், ஒடிஞ்ச எலும்பு ஒட்டுறதுக்கு மர்மோட் கொழுப்பு மாதிரி ஒண்ணு கெடையாது. இந்தக் காட்டுல யாரு பாக்கப்போறா?”

பல்ஜின்யாம் எச்சில் விழுங்கியதை, அங்கே கூடியிருந்த அக்கம்பக்கத்தார் நாங்களே பார்த்தோம். ஆனால், “துப்பாக்கிய உள்ள வையி மாப்ள” என்றான்.

“நீயா பேசுற? விழுந்ததுல தலையிலயும் அடியா?”

“எங்குட்டிங்களக் காப்பாத்துனதுங்க. அதுங்களத் தின்னா எனக்கு எறங்காதுடா.”

தக்வா முணுமுணுத்துக்கொண்டே ஆட்டுக்கறி தின்றான். மூன்று கிண்ணம் குதிரைப்பால் உள்ளே போனதும், “அந்தக் குண்டன் நல்லாத்தான் வாழுறான்” என்று எதிர்ச் சரிவைக் காட்டினான். நோர்ஜ்மா புருஷனை முறைத்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மச்சினனுக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றினான்.

இலையுதிர்காலத்தில் மர்மோட்டுகள் மண்ணும் கல்லும் கொண்டு உள்ளிருந்தே வளையை அடைத்துக்கொண்டு தூங்கப் போயின. நாங்களும் குளிர்கால இடத்துக்குப் போகக் கூடாரங்களைப் பிரித்தோம். பல்ஜின்யாம் லேசாக விந்தியபடி மரச்சட்டங்களை வண்டியில் ஏற்றினான். வழிக்கு நோர்ஜ்மா கொடுத்த உலர்ந்த தயிர்க்கட்டியைக் கடித்துக்கொண்டு, குதிரைமேல் ஏறி உட்கார்ந்ததும் உரக்கப் பாட ஆரம்பித்தான். அவனுக்குப் பாட வராது. அன்றைக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.