கேக் வேண்டுமானால் ஜன்னல் வழியாக வா

ஓபல் வந்துவிட்டார் என்பது அலாரம் அலறும்போதுதான் தெரியும். கதவைத் தட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை. நேரே உள்ளே வந்து, துடைப்பத்தை எடுத்து, அதன் கட்டையால் கூரையிலிருக்கும் புகை அலாரத்தை ஒரு குத்து. அது காது கிழியக் கத்தினால் முகம் மலர்ந்துவிடும். "உசுரோட இருக்கு. சரி, காபி போடு." கத்தாவிட்டால் காபி கிடையாது, கச்சேரிதான்.

"பேட்டரி எங்க?"

"பன்றிக்கறி வறுக்கிறப்ப கத்துச்சு, கழட்டி வச்சேன்."

"நாய் குரைச்சா அது வாயைத் தச்சுடுவியா?"

அறுபதைத் தாண்டிய பெண்மணி. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றும் தலைமுடியை வலைக்குள் அடக்குகிற பழக்கம் போகவில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மலையடிவாரத்தில், தகரச் சக்கர வீடுகள் வரிசையாக நிற்கிற எங்கள் டிரெய்லர் பார்க்கில் குளிர் தொடங்குமுன், வீடு வீடாக அடிப்பக்கத் தகரத்தைக் கழற்றி, டார்ச்சோடு ஊர்ந்து உள்ளே போவார். தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்க நாங்கள் சுற்றுகிற கரன்ட் பட்டைதான் அவருக்குப் பரம எதிரி. நீளம் மிஞ்சினால் வெட்டவும் முடியாது, தொங்கவிடவும் மனம் வராது. அதன் மேலேயே இன்னொரு சுற்று சுற்றிவிடுவோம். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் சூடேறிப் பற்றிக்கொள்ளும். "எந்த மேதாவி சுத்தினது இதை?" என்று தரைக்கடியிலிருந்து குரல் வரும். வீட்டுக்காரர் நைசாக நாயை உலாத்தக் கிளம்பிவிடுவார்.

அவருடைய வால்நட் கேக்குக்குப் பார்க்கே அடிமை. நவம்பரில் எல்லா வீட்டுக்கும் ஒன்று உண்டு. ஆனால் வாசலில் தரமாட்டார். பின்பக்கப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நிற்பார். ஜன்னலைத் திறந்து, இறங்கி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் கடைசி வரிசையில் ஒரு டிரெய்லர் எரிந்தது. வாசல் பக்கமெல்லாம் நெருப்பு. அந்தக் குடும்பம் பின் ஜன்னலில் குதித்துத்தான் பிழைத்தது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் இரும்புச் சட்டம் மட்டும் மிச்சம்.

அடுத்த வீட்டு டெல்மர் மட்டும் மசியவில்லை. லாரி ஓட்டி உட்கார்ந்தே பெருத்த உடம்பு, மடங்காத முழங்கால். காற்று வருகிறதென்று ஜன்னலுக்குப் பலகை வைத்துத் திருகாணி அடித்திருந்தார். அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் தூங்கிப் போகிற ஆள் வேறு.

"எனக்கு ஒண்ணும் ஆகாது, தாயே."

"உனக்கு ஆகாதுய்யா. உன் சவப்பெட்டியைத் தூக்கப்போற ஆறு பேருக்குத்தான் இடுப்பு போகும்."

வாய் இப்படிப் பேசினாலும் ஓபலுக்குப் பயம். சீட்டாட்டத்தில் தன்னை ஏமாற்றத் துணிகிற ஒரே மனிதரை இழக்க அவருக்கு மனமில்லை. இந்த வருடம் சில்லென்ற தூறலில் கேக் டப்பாவை அணைத்துக்கொண்டு அந்த ஜன்னலடியில் நின்றவர் நகரவே இல்லை.

"போ ஓபல், சளி பிடிக்கும்!" பலகைக்குப் பின்னாலிருந்து குரல்.

"பிடிக்கட்டும்."

வேடிக்கை பார்க்க நாங்கள் நாலைந்து பேர் கூடிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே திருகாணி கழற்றுகிற சத்தம். பலகை விழுந்தது. முதலில் ஒரு கால் வந்தது, பிறகு வயிறு வந்து நின்றுவிட்டது. "மூச்சை இழுத்துப் பிடிய்யா!" என்று கூட்டம் கத்தியது. ஓபல் சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பால் கிரேட் பெட்டியைக் கவிழ்த்து, அந்தக் கால் தொடும் இடத்துக்குச் சரியாகத் தள்ளினார்.

டெல்மர் அந்தக் கிரேட்டிலேயே உட்கார்ந்து ஒரு துண்டு கேக்கைத் தின்று முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப உன் ஜன்னல்ல இறங்கிக் காட்டு."

ஓபல் வேறு பேச்சு எடுத்துப் பார்த்தார். யாரும் விடவில்லை. மொத்தக் கூட்டமும் அவர் படுக்கையறைக்குள் நுழைந்தது. டெல்மர் திரையை விலக்கினார். ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி அலமாரி. அதில் வரிசை வரிசையாகப் பீங்கான் சேவல்கள்.

ஓபலின் கழுத்து சிவந்தது. எங்கள் முகங்களைப் பார்த்தார், சேவல்களைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, மேல் தட்டிலிருந்த பெரிய சேவலை எடுத்து டெல்மரின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"கெட்டியாப் பிடி. உடைச்சே, அடுத்த வருஷம் கேக் கிடையாது."

அடுத்த சேவலுக்குக் கையை நீட்டினார்.