நண்டுக்கு அரைத்த மசாலா

எண்பதுகளில் கேரி தீவின் தோட்டப் பள்ளியில் நான் டீச்சர். கடல் உயிரினங்களைப் புத்தகப் படத்திலேயே காட்டிக் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மூன்றாம் வகுப்பு மொத்தத்தையும் தோட்டத்து லோரியில் ஏற்றிக் கடலோரச் சேற்றுக்குக் கூட்டிப் போனேன். பட்டணத்தில், பிரிக்பீல்ட்சில் வளர்ந்த எனக்குச் சேறு புதிது. முழங்கால் வரை புதைந்து, ஒரு செருப்பைப் பறிகொடுத்து, பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்க நின்றதை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

விதிகளை முதல் நாளே வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்: பிடித்த நண்டை வாளியில் விட்டுப் பார்க்க வேண்டும், வரைய வேண்டும். குஞ்சையும் சினை நண்டையும் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். பெரிதாகக் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டு போகலாம். இந்தக் கடைசி வரி மட்டும்தான் பெற்றோர் காதில் ஏறியிருக்கிறது. காலையிலேயே தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகளில் மசாலா அரைத்தாயிற்று!

கிடைத்ததெல்லாம் பொடிசு. கிளம்பும் நேரத்தில் ஒரு சிறுமி கத்தினாள். அவள் வாளியில் என் கையகலத்துக்கு ஒரு நண்டு. புரட்டினோம். வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக முட்டை.

அவள் முகம் விழுந்துவிட்டது.

"டீச்சர், நண்டு இல்லாம வந்தா இனிமே எங்கயும் அனுப்ப மாட்டேன்னு அம்மா சொல்லிருச்சு."

உள்ளதைச் சொல்கிறேன், சினை நண்டுக் குழம்பு என்றால் நான் உயிரை விடுவேன். "உன் இஷ்டம்மா," என்று கோழையைப் போல நழுவினேன். அவள் வெகுநேரம் வாளியையே பார்த்தாள். பிறகு தண்ணீர் வரை நடந்து போய் அதைச் சாய்த்தாள். வகுப்பே ஆரவாரித்தது. அவள் மட்டும் அழுதாள்.

சமாதானம் சொல்ல நானும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா மசாலாக் கையோடு வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், காலி வாளியா?"

"அது வயித்துல நெறைய முட்டைம்மா," என்று மகள் முந்திக்கொண்டாள். "எல்லாம் நண்டா வரும். அப்புறமா புடிக்கலாம்."

அம்மா என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

"சரி லா. அடுத்த தடவ பெருசா புடிச்சிட்டு வா. டீச்சர், சாப்பிட்டுத்தான் போகணும்."

அரைத்த மசாலாவில் முட்டைக் குழம்பு கொதித்தது. அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை. சிறுமி மட்டும் தன் தட்டிலிருந்த முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இத கோழிகிட்ட திருப்பிக் குடுக்க வேணாமா?"

அதற்குள் நான் இரண்டாவது முட்டையையும் தின்று முடித்திருந்தேன்.