ஆம்பளைச் சாரை

உள்ளறையில் செங்கல் நகரும் சத்தம் கேட்டது.

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணுவின் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் செங்கல் இருந்தது ஒரே இடத்தில்தான். பாம்புப் பெட்டியின் மூடிமேல். அதைத் தொடுகிற உரிமை அவளைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது.

புளித்தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடினாள்.

பெட்டியருகே நாத்தனார் சோணையம்மாள் குனிந்து நின்றாள். கொட்டாம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கியவள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் சொம்பு. பெட்டிக்குள் இருந்த சட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதில் பாலை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"மதினி! மூடியை வைங்க!"

"கத்தாதடி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு வாய் பால் ஊத்துனா உன் சொத்தா அழிஞ்சிரும்?"

"போன வெள்ளிக்கிழமையும் ஊத்துனீக. தண்ணி இல்லாத தவிப்புல அதைக் குடிச்சிட்டு ரெண்டு நாளாக் கழிஞ்சுச்சு. அள்ளிப் போட்டது நானு. அது பால் குடிக்கிற சாதி இல்லைன்னு எம்புட்டுத் தடவை சொல்றது?"

"நாகாத்தாளோட புருசன் பால் குடிக்க மாட்டாராம்! இவ ரொம்பக் கண்டா!"



தங்கப்பொண்ணுவுக்கு வில்லாபுரத்து அரிசி மில்லில் தவிடு அள்ளும் வேலை. அந்த எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், மூட்டை அடுக்குக்குள்ளிருந்து ஆறடி நீளச் சாரைப்பாம்பு ஒன்று வெளியே வந்தது. ஆளுக்கொரு கம்போடு சூழ்ந்துகொண்டார்கள். வாலில் விழுந்த அடியில் அது துடித்த துடிப்பைக் கண்டதும் அவளுக்கு என்ன ஆயிற்றோ, குறுக்கே போய் நின்றாள். "இன்னொரு அடி விழுந்துச்சு, கம்பு ஒடியும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மில்லே அடங்கிப்போனது. பதினாலு வருஷமாகப் புகுந்த வீட்டுச் சொல்லடிகளை வாய் திறக்காமல் வாங்கியவள், முதல்முறையாக வாய் திறந்தது ஒரு பாம்புக்காக!

சாக்கில் போட்டுத் தூக்கி வந்தாள். கணவன் தவசி, தான் வேலை பார்க்கும் கப்பலூர்ப் பட்டறையிலிருந்து பழைய மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பக்கம் கம்பிவலை அடித்துக் கொடுத்தான். நல்ல மனுஷன்தான். அக்காவின் முன்னால் மட்டும் நாக்கு எழும்பாது.

பாம்பு வளர்க்க யாரிடம் போய்க் கேட்பாள்? எல்லாம் தப்புச் செய்து கற்றதுதான். முதல் நாள் இலையில் சோறும் முட்டையும் வைத்தாள். எறும்புதான் வந்தது. கண்மாய்த் தவளையைப் போட்டாள், விழுங்கியது. மில் பொறியில் செத்த எலியைப் போட்டால் ஏறிட்டும் பார்க்கவில்லை. இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினாள், பாய்ந்து கவ்வியது. அந்தச் சந்தோஷத்தில் அதை உடனே கையில் தூக்கிவிட்டாள். முழு எலியையும் கக்கிப்போட்டது. இனி இரை தின்றால் ரெண்டு நாள் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டாள். கண் வெள்ளையாய்ப் பூத்தபோது, குருடாகிவிட்டதே என்று அழுதாள். ஒரு வாரத்தில் சட்டை உரித்துப் போட்டுவிட்டுப் பளபளவென்று அவளையே பார்த்தது. இரண்டு முறை கையில் கடித்தும் இருக்கிறது. விஷமில்லாத பல், ரத்தம் மட்டும் வந்தது.

ஆனால் இந்த ஒரு மாதமாக எலியையும் தொடவில்லை, தவளையையும் தொடவில்லை. உடம்பு வேறு வீங்கிக்கொண்டே போனது.

சோணையம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சாரை ஆம்பளை, நாகம் பொம்பளை. அதுதான் அந்தப் பக்கத்து ஊர்களின் கணக்கு. "புருசனைப் பூட்டி வச்சிட்டா. பொண்டாட்டி நாகம் வெளிய அழுகுது. அந்தச் சாபத்துலதான் என் தம்பிக்கு வாரிசில்லை." பாம்பு வந்து மூன்று மாதம், வாரிசில்லாதது பதினாலு வருஷம் என்று ஒருவரும் கேட்கவில்லை! அது பெட்டிக்குள்ளேயே செத்தால் சாபம் தீராது, தவசிக்கு வேறு பெண் பார்ப்பதென்று கொட்டாம்பட்டியில் முடிவாகிவிட்டது. அது தங்கப்பொண்ணுவின் காதுக்கும் வந்திருந்தது. தினமும் விடிந்ததும் அவள் முதலில் பார்ப்பது பாம்புக்கு மூச்சு இருக்கிறதா என்றுதான்.

குளித்துவிட்டுத் துண்டோடு தவசி உள்ளே வந்தான். சோணையம்மாளின் குரல் உடனே குழைந்தது.

"பாருப்பா தம்பி, வத்திப்போய்க் கிடக்கு. இன்னைக்கோ நாளைக்கோ போயிரும். பாவம் உன் தலையிலயா விடியணும்? இந்தா, இந்தப் பிள்ளையைப் பாரு. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கு." மஞ்சள் பையிலிருந்து போட்டோவை எடுத்து, கழற்றிக் கீழே வைத்திருந்த பெட்டி மூடிமேல் வைத்தாள். "ஒரு மலடியைக் கட்டிக்கிட்டு எத்தனை காலம் மாரடிப்ப?"

தவசி துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினான்.

வத்திப்போய்க் கிடக்கு என்ற சொல் மட்டுமே தங்கப்பொண்ணுவின் காதில் விழுந்தது. பதறிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தாள். உண்மைதான். விடிகாலை இருட்டில் மூச்சை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்; நேற்றுவரை வீங்கியிருந்த உடம்பு தொளதொளத்து, பெட்டிக்குள் போட்டிருந்த சாக்குக்கு அடியில் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தது. சாக்கைத் தூக்கினாள்.

வெள்ளை வெளேரென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முட்டைகள். ஒன்பது. அவற்றைச் சுற்றி உடம்பை வளைத்துப் போட்டிருந்த சாரை, கழுத்தைத் தூக்கி உறுமியது.

"ஆத்தாடி! என்னடி இது?"

"முட்டை, மதினி. உங்க ஆம்பளை போட்ட முட்டை."

"சாரைன்னா ஆம்பளைதானடி... ஊரே சொல்லுதே..."

"ஊரு வாலைத் தூக்கிப் பார்த்துச்சா?" தங்கப்பொண்ணு நிமிர்ந்தாள். பதினாலு வருஷத்து நெருப்பு அவள் கண்ணில் நின்றது. "பாம்புல எது ஆணு, எது பொண்ணுன்னு தெரியாத நீங்க, எங்க ரெண்டு பேருல குறை யாருக்குன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுக்கிட்டீக?"

தகரப்பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து பழுத்துப்போன காகிதம் ஒன்றை எடுத்து வந்தாள்.

"ஆறு வருசத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லையாம். புருசனைக் கூட்டிட்டு வான்னாங்க. மூணு தடவை கூப்பிட்டேன். ஆம்பளைக்கு எதுக்குடி சோதனைன்னு சண்டைக்கு வந்தது நீங்க! இவரு தலை குனியக் கூடாதுன்னு இதை ஒளிச்சு வச்சேன். மலடி மலடின்னு கூப்பிட்டீகளே, அதுக்கெல்லாம் 'என்ன மதினி'ன்னு கேட்டு வந்து நின்னேனே, எனக்கு ரோசம் இல்லைன்னா நினைச்சீக?"

"தம்பி! உன் மூஞ்சியில கரியைப் பூசுறா, நீ மரமாட்டம் நிக்கிற!"

தவசி காகிதத்தை வாங்கிப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு போட்டோவை எடுத்து அக்காவின் மஞ்சள் பைக்குள் வைத்தான்.

"திங்கக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்குப் போறேன்க்கா. பத்து மணிக்கு உனக்குப் பஸ் இருக்கு."

"என்னை விரட்டுறியாடா?"

"பஸ் இருக்குன்னேன்."

சோணையம்மாள் பையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நிலைப்படியில் திரும்பினாள். "அந்தப் பாம்பு உன்னைக் கொத்தாம விடாதுடி!"

"ரெண்டு தடவை கொத்திருச்சு, மதினி. நீங்க கொத்துன அளவுக்கு வலிக்கலை. இந்தாங்க, உங்க சொம்பு."

சோணையம்மாள் சொம்பை வாங்கிப் பைக்குள் திணித்தாள். செருப்புச் சத்தம் தெருவில் இறங்கித் தேய்ந்தது. உள்ளே தவசி பால் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போவது தெரிந்தது.  அவன் மேலிருந்த ஆத்திரம் தங்கப்பொண்ணுவுக்கு இன்னும் ஆறவில்லை.

வாசல் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.