மணல் மூட்டை வேலி

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில், உள்ளடங்கிய ஒரு கிராமத்துப் பாலத்தில் சைட் இன்ஜினியராக இருந்தேன். சொந்த ஊர் செந்துறை. தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வேலை அது.

பாலம் உறுதியாகத்தான் இருந்தது. அதற்கு ஏறும் சாலைதான் கரிசலில் இரண்டு முறை புதைந்துவிட்டது. கொட்டிய மண்ணின் கனமே அதை அமுக்கியது. ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸும் நின்றுபோனது. அதனால் இந்த முறை மண்ணுக்குப் பதில், கட்டில் அளவு இருக்கும் கெட்டியான தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, மேலே கான்கிரீட்டும் தாரும் போடுவதாக ஏற்பாடு. கனமே இல்லாததால் நிலம் அமுங்காது.

"கல்யாண மண்டபத்துல பேரு ஒட்டுற தெர்மாகோல்லயா ரோடு போடுறீங்க?" என்று சிரித்தார் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். அவர்தான் அங்கே எனக்குப் பெரிய எதிரி. பாலம்வரை நாங்கள் முடித்து வைத்திருந்த சாலைப் பகுதியில் தினமும் மக்காச்சோளத்தைப் பரப்பிக் காயவைப்பார். லாரி திரும்ப இடமிருக்காது. சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன், அவர் அசையவில்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் காலை, மணல் மூட்டைகளைக் கொண்டுபோய் அந்தச் சாலையின் கோடியில், அவர் சோளத்தோடு ஏறும் பக்கத்தை மறித்து வேலி மாதிரி அடுக்கச் சொன்னேன். அவர் காய்ந்த சோளத்தை மூட்டை பிடித்து, பாலத்துக்குப் பக்கத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார். ஜெயித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

அந்த மணல் மூட்டைகள் எதற்கு வாங்கியவை தெரியுமா? கான்கிரீட் போடும்வரை தெர்மாகோல் கட்டிகள்மேல் பாரம் வைப்பதற்கு. அடுக்குவதற்காகத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் புகுந்தால் கட்டிகள் மிதந்துவிடும். தை மாதத்தில் ஏது மழை என்ற தைரியத்தில், கடைசி வரிசைமேல் இருந்த பாரத்தை எடுக்கச் சொன்னவள் நான்தான்.

அன்று மதியமே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வயல் தண்ணீரெல்லாம் பள்ளத்தில் இறங்கியது. கடைசிக் கட்டி ஒன்று மெல்ல ஆடி எழும்பியது. அது கிளம்பினால் பக்கத்துக் கட்டிகளையும் நெம்பிவிடும். மூன்றாவது முறையும் வேலை கெட்டால் அந்த ஊருக்கு இனிமேல் பஸ் இல்லை. ஓடிப்போய் அதன்மேல் ஏறி நின்றேன். என்னையும் சேர்த்துத் தூக்கியது. மணல் மூட்டைகளோ சாலையின் அந்தக் கோடியில். சேற்றில் வண்டி நகரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் இறங்கவில்லை.

தன் சோளத்தைப் பார்க்க ஓடி வந்த அக்கா என்னைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா, பாரம்தானே வேணும்?" என்றபடி தார்ப்பாயை உருவினார்.

"அக்கா, சோளம் நனஞ்சுடும்!"

"நனஞ்சா காயவச்சுக்கலாம். ரோடு போச்சுன்னா எம்மவ காலேசு பஸ்ஸுக்கு இன்னும் எத்தன வருசம் நடப்பா? பேசாம மூட்டையோட அந்த முனையப் புடி!"

பிடித்தேன். அவரோடு வந்த பெண்களும் எங்கள் ஆட்களும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம். ஆடிய கட்டிகள்மேல் ஒவ்வொரு மூட்டையாக ஏற்றினோம். இன்னொரு பக்கம் நாலு பேர் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே திருப்பினார்கள். ஒரு மணி நேரம் யாரும் முதுகை நிமிர்த்தவில்லை. மழை விட்டபோது ஒரு கட்டிகூட இடம் மாறியிருக்கவில்லை.

ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்ததும் ஈரச் சோளம் சரிந்தது. "மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன். அவர் சரிந்த சோளத்தை அள்ளி மூட்டைக்குள் போட்டார். மறுநாள் விடிந்ததும் வெயில். வேலியைப் பிரித்து, பாதி மணல் மூட்டைகளைக் கட்டிகள்மேல் ஏற்றினோம். அவருடைய மூட்டைகளை இறக்கி, சோளத்தை அதே சாலையில் நாங்களே பரப்பினோம். வண்டி ஏறாமல் இருக்க மீதி மூட்டைகளைச் சுற்றிலும் வைத்தேன்.

"இப்ப லாரி எப்புடித் திரும்பும், இன்ஜினியரம்மா?" என்றார் அக்கா.

"ரிவர்ஸ்லயே போகட்டும்க்கா" என்றேன்.

இப்போது அந்தப் பாலத்தில் பஸ் ஓடுகிறது, சாலை புதையவில்லை. எந்த ஊர்ச் சாலையில் தானியம் காய்ந்தாலும் ஸ்கூட்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். நான் வேலி போட்டு விரட்டிய சோளம்தான் அன்று என் சாலையைப் பிடித்து வைத்திருந்தது.