மயிலாத்தா அத்தையின் மகளைத் தேடிக் கம்பம்மெட்டுக்கு

போன ஆடியில் நான் கம்பம்மெட்டுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்ட என் தம்பிக்கு மூன்றாவது வாரம் காய்ச்சல், கண் எரிச்சல், வாயெல்லாம் புண். பிறகு முதுகுத் தோல் அப்படியே உரிந்து வந்தது. பிழைத்ததே பெரும்பாடு. அவன் திசு வகையில் ஒரு மரபணு அடையாளம் இருப்பதைப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். அது சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது. அந்த மாத்திரையோடு சேர்ந்தால்தான் வினை. ரத்த உறவுகளுக்கும் இருக்கலாம், சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. மாத்திரை தொடங்கும் முன்பே, வீட்டில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்றோம். எஸ்டேட்டில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு மலையேறிய எங்கள் அத்தை, வலிப்புக்கு வைத்தியம் பார்க்கும்போது தோல் உரிந்துதான் செத்தார். நாகசாபம் என்று முடிவு கட்டி, எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் அவர் பேரையே யாரும் எடுப்பதில்லை. ஆயில்யத்துக்கு ஆயில்யம் நாகக்கல்லுக்குப் பால் ஊற்றுவதோடு சரி. சாபத்தைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

அத்தையின் ஒரே மகள் ஜெசிந்தா கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்பது மட்டும் தெரியும். போன் நம்பர் யாரிடமும் இல்லை. விடியற்காலை கிளம்பி, கோவை, தேனி வழியாகக் கம்பம் சேர மதியம் மூன்றாகிவிட்டது. இடுப்பு ஒடிந்துபோயிற்று. அங்கிருந்து மலைப்பாதை பதினான்கு கிலோமீட்டர் சொச்சம், ஜீப்புக்கு எழுநூறு ரூபாய்.

மேலே பனிமூட்டம். பகலிலேயே ஏலத்தோட்டம் இருட்டிக் கிடந்தது. பாம்பு நடமாடும், கீழே பார்த்து நடக்கச் சொன்னார் டிரைவர். பாதையில் முழுசாக ஒரு பாம்புச்சட்டை, கண் இருந்த இடம்கூடத் தெரிந்தது. சாபமெல்லாம் நான் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் அதை மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

தோட்டம் தோட்டமாக விசாரித்து, கடைசியில் தொழிலாளர் லயத்தில் அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவளுக்குக் கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. தம்பிக்கு முதலில் இருந்த அதே முகம். நான் யாரென்று சொன்னேன்.

"எங்கம்மா ஊர்ல இருந்து இதுவரைக்கும் ஒரு ஆளு வந்ததில்ல," என்றாள் ஜெசிந்தா. பனி ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றாள். வலிப்பு உண்டா என்று கேட்டேன். போன மாதம் வேலையில் விழுந்தாளாம், மாத்திரை தந்திருக்கிறார்கள். அட்டையை எடுத்து வந்தாள். தம்பி சாப்பிட்ட அதே மாத்திரை.

அடுத்த வேளை மாத்திரையைப் போடவிடாமல், அதே ஜீப்பில் தேனிக்கு இறங்கினோம். ஆஸ்பத்திரியில் மறுபடி அதே கேள்வி: வீட்டில் யாருக்காவது?

"இருக்குதுங்க டாக்டர். இவங்கம்மாவுக்கு, எங்க அத்தைக்கு. பேரு மயிலாத்தாங்க."

ஜெசிந்தா திரும்பி என்னையே பார்த்தாள்.

தோல் உரிவது கழுத்தோடு நின்றுவிட்டது. பிழைத்துக்கொண்டாள்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் ஆடியில் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். பனி இறங்கும் முன் ஜீப்பைப் பிடியுங்கள். வலிப்பு மாத்திரையை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காய்ச்சலோடு வாயோ தோலோ புண்ணானால் மட்டும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உங்கள் வீட்டிலும் பேர் சொல்லாத ஒருவர் இருந்தால், அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டு வையுங்கள்.