இரண்டு ராஜாக்களுக்கு ஒரு பெஞ்சு

நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவனின் தொழில் தர்மம் ஒன்றே ஒன்றுதான்: அவன் சொல்வது நடிகனுக்குக் கேட்க வேண்டும், சனங்களுக்குக் கேட்கக் கூடாது. நன்றாக நடந்தால் பேர் நடிகனுக்கு. தடுக்கி விழுந்தால் பழி நமக்கு. மேலதிகாரிக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்தவர்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் வாய் திறக்காத அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்தவர்கள், உங்களுக்கெல்லாம் நான் பட்ட பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வேலை கிடைத்த கதை

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிக்கொண்டிருந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பாலை வாங்க ஆளில்லை. எல்லோரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். அவ்வப்போது ஒரு லாரி வரும். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று, பட்டியலில் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை. பட்டியலை எழுதுவது ஆபீஸ் கிராணி பொன்னம்பலம்; ஆளைக் காட்டுவது வேலை வாங்கும் மண்டோர் வீரப்பன். இருவர் கையும் பட்டால்தான் பட்டியல் செல்லும். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், அழகாகக் கையெழுத்துப் போடுவார். மண்டோர் நூறு பேரை ஒரு அதட்டலில் அடக்குவார், ஆனால் எழுத்து வாசனை கிடையாது. பெருவிரலை மையில் அமுக்கி வைப்பார்.

எங்களுக்கு வந்து வாய்த்த ஜப்பான் அதிகாரி ஒரு நாடகப் பைத்தியம். ஒரு நாடகம் போடுங்கள், அது நடக்கும்வரை நாடகக்காரர்கள் பேர் பட்டியலில் வராது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்தில், அதுவரை வாயே திறக்காதவனெல்லாம் ராகம் போட்டு "ஆஜர்" சொன்னான். கிராணி, தான் சிரம்பான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த ஏதோ ஒரு துன்பியல் நாடகத்தைப் பாதி ஞாபகத்தில் வைத்து, வெள்ளைக்காரப் பேர்களை உதறிவிட்டு, கிழக்கு ராஜா, மேற்கு ராஜா என்று எழுதினார். இரண்டு ராஜாக்களும் கூட்டுச் சேர்ந்து ஒரு பேரரசனைக் கவிழ்க்கிறார்கள். பிறகு பாசறையில் தங்களுக்குள்ளேயே சண்டை பிடிக்கிறார்கள். கடைசியில் கைகொடுத்துச் சமாதானமாகிச் சேர்ந்தே சாகிறார்கள். கிழக்கு ராஜா கிராணி, மேற்கு ராஜா மண்டோர். அவர்கள் போக எட்டுப் பேருக்கு இடம்.

எனக்கு நடிக்க வராது. ஆனால் கிராணியின் எழுத்து தோட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் புரியும். வீட்டில் என் பெண்டாட்டி பாக்கியம் ஆறு மாதக் கர்ப்பம். பயத்தை விழுங்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கிராணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீர் சயாமுக்குப் போனா என்ர எழுத்தை ஆர் காணும் வாசிக்கிறது?"

சிம்மாசனம்

ஒத்திகை ரப்பர் ஸ்டோரில் நடந்தது. ராஜாக்கள் இரண்டு, துரை பங்களாவிலிருந்து கிடைத்த நாற்காலி ஒன்று. முதல் நாள் கிராணி முந்திக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் மண்டோர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் இருவருமே வரவில்லை. நாடகம் நின்றால் எட்டுப் பேரும் லாரியில்தான் என்று, ராஜாவுக்குக் குடை பிடிக்கும் என் மச்சான் மாரியப்பன் அழாத குறை. நாற்காலியை ஒளித்து வைத்துவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து நீளப் பெஞ்சு ஒன்றைத் தூக்கி வந்து போட்டோம். ஒரு முனையில் அவர், மறுமுனையில் இவர்.

மண்டோர் கனத்த ஆள். அவர் கோபாவேசமாக எழுந்தால் பெஞ்சின் மறுமுனை சாய்ந்து கிழக்கு ராஜா தரைக்கு வந்துவிடுவார். அதனால் மண்டோர் எழுவதற்குச் சற்று முன்னால், "எந்திரிங்க ஐயா" என்று கிராணிக்கு நான் முணுமுணுக்க வேண்டும். புத்தகத்தில் இல்லாத வசனம் அது. மண்டோர் தன் பிஸ்கட் தகரக் கிரீடத்தைக் கழற்றித் துடைத்தார். "ஒரே பெஞ்சுல ரெண்டு ராஜாவா? இது ராச்சியமில்லலா, மருந்துக்குக் காத்துக்கிட்டிருக்கற எடம்."

காதால் படித்த ராஜா

மண்டோருக்குப் பாடம் காதால்தான் ஏற வேண்டும். அவர் மரவள்ளிக் காட்டில் வேலை பார்த்துக்கொண்டு முன்னால் நடப்பார். நான் புத்தகமும் கையுமாகப் பின்னால் போய் ஒவ்வொரு வரியாகச் சொல்வேன். ஒரு நாள், "உன் நாவுக்கு என் வாள் பதில் சொல்லும்" என்ற வரியின் நடுவில் எனக்கு இருமல் வந்துவிட்டது. மனிதர் அதையும் சேர்த்துப் பாடம் பண்ணிவிட்டார். அன்றிலிருந்து "உன் நாவுக்கு" என்று கர்ஜிப்பார், இரண்டு தரம் இருமுவார், பிறகு "என் வாள் பதில் சொல்லும்" என்பார். எத்தனை தடவை திருத்தியும் போகவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீதானேடா ரெங்கா சொல்லிக் குடுத்த? ராஜான்னா இருமக் கூடாதா?"

தானியம்

சண்டைக் காட்சியில் கிழக்கு ராஜாவின் முதல் வரி: "என் படை பட்டினி கிடக்க, தானியத்தைப் பதுக்கியவன் நீ!" எழுதியவர் கிராணி, ஆகவே கிழக்கு ராஜா உத்தமர். மேற்கு ராஜா திருடர். ஒத்திகையை வேடிக்கை பார்க்கத் தோட்டமே ஸ்டோர் வாசலில் நிற்கும். வேறு பொழுதுபோக்கு இல்லாததால் எல்லா வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒரு நாள் மண்டோர் அந்த வரியைக் கேட்டுவிட்டு, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அரிசி ஸ்டோர் சாவி உங்க இடுப்புல தொங்குது கிராணியாரே. பதுக்கினவன் நானா?" என்று கேட்டுவிட்டார். ரேஷன் அரிசி தேய்ந்துகொண்டே வந்த நேரம் அது. சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கிராணி மட்டும் சிரிக்கவில்லை. பால் வெட்டும் அஞ்சலை கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். "திருடன் யாருன்னு நீங்க மெதுவா முடிவு பண்ணுங்க சாமி. அரிசி எங்க, அதச் சொல்லுங்க."

இருமல் வராத இடம்

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னால் லாரி வந்தது. பெரட்டில் பேர் வாசித்தார்கள். நான்காவது பேர் ஆறுமுகம், மண்டோரின் அக்கா மகன். மண்டோர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். எழுத்து அவருக்குத் தெரியாது; அடியில் இருந்த ரேகை தெரியும். முந்தின நாள் மாலை கிராணி நீட்டிய தாளில், ஒன்றும் கேட்காமல், அவரே அமுக்கிய விரல். ஆறுமுகம் லாரியில் ஏறும்போது, "நீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

மண்ணெண்ணெய் இல்லாததால் நாடகம் பட்டப்பகலில். அதிகாரி முன்வரிசையில். சாக்குத் திரைக்குப் பின்னால் நான். சண்டைக் காட்சி வந்தது. மண்டோர், "உன் நாவுக்கு" என்று தொடங்கினார். இருமல் வரவில்லை. "என் கைய வச்சே என் அக்கா புள்ளய அனுப்பிட்டியேடா பாவி!" என்று கத்திக்கொண்டு மரக்கத்தியை எறிந்துவிட்டுக் கிராணியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். கிராணி, "ஆளைக் காட்டாத ஆள் போலக் கதைக்காதையும்! இதுவரைக்கும் போனவங்களை ஆர் காட்டினது?" என்று திருப்பிக் கத்தினார். நான் திரைக்குப் பின்னாலிருந்து, "நண்பா, உன் கையைக் கொடு... நண்பா, உன் கையைக் கொடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் வாங்கவில்லை. நாடகம் இங்கே செத்தால் நாங்கள் எட்டுப் பேரும் அங்கே சாவோம். பாக்கியம்தான் முதலில் எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கையக் குடுங்கய்யா!" என்றாள். பிறகு தோட்டமே எழுந்து, "கையக் குடுங்க, கையக் குடுங்க" என்று கத்தியது. இரண்டு ராஜாக்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகொடுத்தார்கள்.

அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். இதே கோபத்தோடு அடுத்த வாரம் பக்கத்து ஊரான தம்பினிலும் நடத்த வேண்டும் என்று உத்தரவு. பிறகு அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் எங்களிடம் சொன்னார்: "சண்டை ரொம்ப இயற்கை. கைகொடுத்தது மட்டும் நடிப்பு மாதிரி இருந்துச்சாம்."

தம்பின் லாரி

தம்பினுக்கு எங்களை ஏற்ற வந்ததும் லாரிதான். நாடகத்துக்கு என்று எத்தனை தடவை சொல்லியும் பெண்கள் அழுதார்கள். ராஜாக்கள் இருவரும் பேசிக்கொள்ளாததால் வழியெல்லாம் நடுவில் உட்கார்ந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "காலை எடுக்கச் சொல்லி அவருக்குச் சொல்லும்" என்பார் கிராணி. "எடுக்க முடியாதுன்னு சொல்லுடா" என்பார் மண்டோர். ஒரு அடி தூரத்தில் இருப்பவர்களுக்கு இடையே நான் தபால்காரன். வழியில் ரயில் ஸ்டேஷனைத் தாண்டினோம். ஆறுமுகத்தை ரயில் ஏற்றிய இடம் அது. தண்டவாளத்து ஓரத்தில் சின்னச் சின்ன மூட்டைகளோடு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மேடையில் மண்டோர் எல்லா வரியையும் ஒழுங்காகச் சொன்னார். இருமல்கூட வந்தது. கைகொடுக்கும் இடத்தில் கிராணி என் பக்கம் திரும்பவே இல்லை. "அண்டைக்குச் சனம் சிரிச்சது என்னைச் சுட்டுப்போட்டுது வீரப்பன். அந்தச் சூட்டிலதான் உம்மட மருமகன்ர பேரை எழுதினனான்" என்று, நாடகக் குரலில் அல்ல, ஆபீஸில் பேசுகிற குரலில் சொன்னார். தம்பின் சனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. மண்டோர் அவராகவே கையை நீட்டினார். "பொஸ்தகத்துல இல்லாததயெல்லாம் பேசாதீங்க கிராணியாரே."

ஜன்னல்

எங்கள் நாடகப் பைத்தியத்தை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த அதிகாரிக்குக் கூத்தாடிகள் என்றால் வேலையற்றவர்கள். ராஜாக்களை விட்டுவிட்டு மற்ற எட்டுப் பேரையும் எழுதச் சொன்னார். பாக்கியம் பிள்ளை பெற்று பன்னிரண்டாம் நாள். லாரி ஆபீஸ் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கிராணி என்னைக் கூப்பிட்டு, "புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழ நில்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எட்டுப் பேரையும் எழுதினார். கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனாவை வைத்துவிட்டு மண்டோரைப் பார்த்துக் கத்தினார்: "என் படை பட்டினி கிடக்க, தானியத்தைப் பதுக்கியவன் நீ!" மண்டோர் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு மேஜையைக் குத்தி, "உன் நாவுக்கு" என்றார். இரண்டு தரம் இருமினார். எனக்கு உயிர் வந்தது. சண்டை ஓடும்வரை பட்டியலில் கை விழாது என்று வாசலில் கூடியிருந்த சனங்களுக்கும் புரிந்துவிட்டது. கைகொடு கைகொடு என்று கத்திய அதே சனம், வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. சண்டை முழுதும் ஓடி, முடியும் இடத்துக்கு வந்தது. உள்ளே இருவரும் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். என் கையில் இருக்கும் அடுத்த வரி, "நண்பா, உன் கையைக் கொடு." பக்கங்களைப் பின்னால் புரட்டி, முதல் வரியை மறுபடி எடுத்துக் கொடுத்தேன். மறுபடி சண்டை. மூன்றாம் தடவை அதிகாரி இருவரையும் மாறி மாறி அறைந்தார். என்னதான் தகராறு என்று கேட்டதற்கு, எங்கள் முதல் நாடகத்தைப் பார்த்திருந்த மொழிபெயர்ப்பாளர், முகம் மாறாமல், யார் கை முதலில் வைப்பது என்று தகராறு என்றார். தம்பினில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. லாரி எங்களை ஏற்றாமலே கிளம்பிப் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பியது. அங்கே நாடகம் இல்லை. அன்று அங்கிருந்து எட்டுப் பேரை ஏற்றினார்கள் என்று பிறகு தெரிந்தது. இன்றுவரை அதைப் பாக்கியத்திடம் நான் சொன்னதில்லை.

பிறகு லாரி எங்கள் பக்கம் வரவில்லை. பாதை போட்டு முடிந்துவிட்டது என்றார்கள். ஆறுமுகமும் வரவில்லை. ஜன்னல் சண்டை நடந்த அன்று மத்தியானம், கன்னம் வீங்கிப்போய், ராஜாக்கள் இருவரும் அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து மண்டோர், நான் எடுத்துக் கொடுக்காமலே சொன்னார்: "எந்திரிங்க கிராணியாரே, நான் எந்திரிக்கப் போறேன்."

ஆயிரம் வரி எடுத்துக் கொடுத்து ஒரு பேரும் வாங்காத நான், எடுத்துக் கொடுக்காமல் விழுங்கிய ஒரே ஒரு வரியின் தயவில்தான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.