ஆறு போகும் பக்கம்

கடைக்குள் வந்ததும் லத்தீஃபா டீச்சர் முதலில் கை வைப்பது குப்பை டின்னில்தான். நீடாமங்கலத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்த மோட்டாரிலிருந்து உருவிப் போட்ட செம்புக் கம்பி, தேய்ந்த வாஷர், கிழிந்த ரப்பர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். "இது வழவழன்னு இருக்குண்ணே, வேணாம். இது நல்லா உறுத்துது, எடுத்துக்கறேன்." நாற்காலி போட்டால் அதில் பையை வைப்பார், உட்கார மாட்டார். ஸ்கூட்டியையும் அணைக்க மாட்டார். வாசலில் அது உறுமிக்கொண்டே நிற்கும்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்கு நான்கு பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார். முட்டை அட்டையில் ஆறு குழியை வெட்டிப் புளியங்கொட்டை போட்டால் பிரெய்ல் எழுத்து. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் முக்கோணம். பாதிப் பேச்சில் "இந்தா வந்துடறேன்" என்று கிளம்புவார். வருவது மறுநாள். பலமுறை திட்டியிருக்கிறேன், உறைக்காது.

காலாண்டுத் தேர்வு நெருங்கிய செவ்வாய்க்கிழமை, முகம் சுண்டி வந்தார். பத்தாவது படிக்கும் பரிதிக்காக என் செம்புக் கம்பியை அட்டையில் ஒட்டி, கல்லணையிலிருந்து கடல்வரை ஆறுகளைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் கடல் பக்கத்திலிருந்து தடவிக்கொண்டு போய், "எல்லா ஆறும் ஒண்ணா சேந்து மேக்க போவுது டீச்சர்" என்றிருக்கிறாள். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் இராஜாங்கம் சிரித்துவிட்டார். "இவளுக்கு மேப்புக்குப் பதிலா வேற கேள்வி குடுத்துடலாம்மா. ஏன் போட்டு அலட்டிக்கறீங்க?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்" என்றார் டீச்சர், வாஷர்களைக் கலைத்தபடி. "அவ மேல தப்பில்லண்ணே. கம்பி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான இருக்கு? தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு வெரலுக்கு எப்படித் தெரியும்?"

ரம்பத் தகட்டை எடுத்துப் பார்த்தார். "புள்ளை கைய அறுத்துடும், வைங்க கீழ" என்றேன்.

புதன்கிழமை புறங்கையில் கீறலோடு வந்தார். குறுவை வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்கு ஒதுங்கும்போது உரசிவிட்டதாம். எண்ணெய் தடவச் சொன்னேன். அவரோ ஒரு காய்ந்த நெல்தோகையை, வைக்கோலின் நீள இலையை, நீட்டினார். "அடியிலேர்ந்து நுனிக்கு இழுங்க. வழுக்குதா? இப்பத் திருப்பி இழுங்க."

திருப்பி இழுத்தால் அராவியது.

"அறுப்புக்குப் போனவனுக்கு இது தெரியாதா டீச்சர்?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் எனக்குக் கம்பி குடுத்தீங்களா?"

பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் ஸ்கூட்டி தெரு முனையில் திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை பரிதியின் பள்ளிக்கூட மோட்டாரைக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். தலைமையாசிரியர் மேசையில் அட்டை. ஆறெல்லாம் தோகை, அடி கல்லணையில், நுனி கடலில். பரிதி கல்லணையில் விரலை வைத்தாள். வெண்ணாறு, கோரையாறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடலுக்கு வந்தாள். இராஜாங்கம் விடவில்லை. சத்தமில்லாமல் அட்டையைக் கல்லணையும் கடலும் இடம் மாறும்படி திருப்பி வைத்து, "இன்னொரு தடவ" என்றார். டீச்சர் முந்தானையைக் கசக்கியபடி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

பரிதி விரலை வைத்தாள், நகர்த்தினாள், நின்றாள். "எதுத்துக்கிட்டு வருது சார். அட்டையத் திருப்பிட்டீங்களா?"

அவர் காதைச் சொறிந்துகொண்டார். "சரிம்மா. மேப்பே இருக்கட்டும்."

டீச்சர் பையைத் தோளில் மாட்டிவிட்டார், அடுத்த பள்ளிக்கூடத்துக்கு. அட்டையை விடாமல் தடவிக்கொண்டிருந்த பரிதி கேட்டாள்: "இதுல எங்க ஊரு எங்க டீச்சர்?"

ஊர் எதையுமே ஒட்டவில்லை. டீச்சர் பையைத் துழாவினார், மேசையைப் பார்த்தார். பிறகு ரவிக்கையின் முழுக்கை ஓரத்துப் பொத்தானைப் பல்லால் கடித்துப் பிய்த்து, பசை தொட்டு, கோரையாற்றங்கரையில் வைத்து, பரிதியின் விரலை எடுத்து அதன்மேல் அழுத்தினார்.